கெட்டியான பிஸ்கட்டில் பூஞ்சை எப்படி வருகிறது?

பாலக்கோட்டு வாசகி ஒருவர் வீட்டிலேயே நாய் பிஸ்கட் சுட்டு விற்கிறார். ராகி மாவு, முட்டை, வேகவைத்த கோழிக்கறி, பூசணி விழுது. ஓசூர் அடுக்குமாடிகளில் நல்ல கிராக்கியாம். ஆனால் ஐப்பசி மழையில் அனுப்பிய பாக்கெட்டுகளில் பூஞ்சை பூத்துவிட்டது. "கடிக்கவே முடியாத கெட்டி சார், அப்புறம் எப்படி?" என்று கேட்கிறார்.

ராகி நாய்க்கு ஆகாது என்று அதன் மேல் பழி போட வேண்டாம். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து நாய் களி தின்னப் பழகிவிட்டது. சிக்கல் தண்ணீரில் இருக்கிறது.

தேனில் ஏறக்குறைய 17 சதவீதம் தண்ணீர் உண்டு, கெடுவதில்லை. ஆகவே எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமிக்குக் கிடைக்கிறது என்பதே கணக்கு. சீட்டிலும் அடகு நகையிலும் முடங்கிய பணத்தை வைத்துச் சந்தைக்குப் போக முடியாதே, அதுபோல. தேனில் சர்க்கரை தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கிடைக்கும் தன்மையை நீர்ச் செயல்பாடு என்கிறார்கள். சுத்தத் தண்ணீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளராது. பூஞ்சைகள் பல 0.8 வரையும், சில அதற்குக் கீழேயும் தாக்குப்பிடிக்கும். 0.6-க்குக் கீழே எதுவும் வளராது.

அடுப்பிலிருந்து எடுத்த பிஸ்கட்டின் ஓரம் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். கெட்டித்தனம் ஓரத்தின் சாட்சி மட்டுமே. மூடிய பாக்கெட்டுக்குள் நடுவின் ஈரம் மெதுவாக வெளியே நகர்ந்து எல்லா இடமும் சமமாகும். சூடாகவே கட்டிவிட்டால் இன்னும் மோசம்: உறையின் உள்பக்கம் வியர்த்து, அந்தத் துளி பட்ட இடத்தில் முதல் பூஞ்சை.

சரி, நீர்ச் செயல்பாட்டை வீட்டில் எப்படிப் பார்ப்பது? எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் வருகிறது. ஒரு கிண்ணத்தில் தூள் உப்பைக் கொட்டி, கரையாத உப்பு சேறாகத் தெரியும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றுவிடும். காற்று அதைவிட ஈரமானால் கரைசல் அந்த ஈரத்தை உறிஞ்சும். கூடுதல் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் உப்பு கரையும். காற்று வறண்டால் கரைசல் தண்ணீரை விட்டுக்கொடுக்கும். கொஞ்சம் உப்பு படிகமாகிவிடும். கரையாத உப்பும் தண்ணீரும் மிச்சம் இருக்கும்வரை கரைசலின் செறிவு மாறாது, ஆகவே 75-உம் மாறாது. ஓசூர்க் குளிரானாலும் தருமபுரி வெயிலானாலும் கிட்டத்தட்ட அதே எண். மின்சாரம் இல்லை, கருவி இல்லை, தானாகத் திருத்திக்கொள்ளும் தராசு! கல் உப்பு வேண்டாம். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு எண்ணைக் கீழே இழுக்கும்.

இப்போது பிஸ்கட்டை உடைத்து, நடுப்பகுதியை மட்டும் எடுத்து, நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்து, உப்பில் படாமல் டப்பாவுக்குள் வையுங்கள். ஒரு நாள் கழித்து மறுபடி நிறுங்கள். டப்பாவின் 75 சதவீத ஈரப்பதம் நீர்ச் செயல்பாட்டில் 0.75-க்குச் சமம். எடை ஏறியிருந்தால் பிஸ்கட் 0.75-க்குக் கீழே; இறங்கியிருந்தால் மேலே, அதைப் பாக்கெட் போடவே கூடாது. ஏறினால் மட்டும் போதாது, 0.6 இன்னும் கீழே இருக்கிறது. வழக்கமான சூட்டில் நன்றாக வேகவைத்தபின், அடுப்பை 90 டிகிரிக்கு இறக்கி, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். முழுக்க ஆறியபிறகே கட்டுங்கள்.

நீர்ச் செயல்பாட்டைத் துல்லியமாக அளக்கும் மீட்டர் வீட்டுத் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது. பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ராகி ரகங்கள் நம் வயலுக்கு வந்தன, நல்லது. அந்த ராகியைப் பிஸ்கட்டாக்கும் பெண்களுக்கும் மாவட்டத்துக்கு ஒரு பொது மீட்டர் வைத்தால் என்ன? விளைச்சலுக்கு ஒதுக்கும் பணத்தில் துளியூண்டு போதும்.

பூத்த பாக்கெட்டை மறுபடி சூடாக்கி அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறார். கூடாது. சில பூஞ்சைகள் விடும் அஃப்லடாக்சின் நஞ்சு நாயின் கல்லீரலைத் தாக்கும். பூஞ்சை செத்தாலும் அது அடுப்புச் சூட்டில் முழுதாக அழியாது. சொத்தைக் கடலையை மலிவு என்று வாங்கி அரைத்துச் சேர்ப்பதும் இதே ஆபத்துதான்.

அப்புறம், பூண்டு சேர்த்தால் வயிற்றுப் பூச்சி போகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகை உண்டாக்கும். பூச்சிக்குக் கால்நடை மருத்துவரிடம் மாத்திரை இருக்கிறது.