ஹோல் சா மாட்டிக்கொண்டால் சுற்றப்போவது உங்கள் கைதான்

ட்ரில் மெஷின் பிடித்துப் பழகிவிட்டோம், ஹோல் சா மட்டும் என்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ட்ரில்லில் மாட்டிப் பெரிய வட்ட ஓட்டை போடும், விளிம்பெல்லாம் பற்கள் உள்ள கிண்ணம் போன்ற ரம்பம்தான் ஹோல் சா, சுருக்கமாகச் சா. புதிதாக வருகிறவர்கள் பயந்து பயந்து பிடிப்பார்கள், அவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பழகிய ஆட்கள்தான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். 6 மி.மீ. பிட் இரும்பில் மாட்டிக்கொண்டால் பிட் உடையும், இல்லையென்றால் அதைப் பிடித்திருக்கும் சக்கில் வழுக்கும், அதோடு சரி. 65 மி.மீ. ஹோல் சா மாட்டிக்கொண்டால் சுலபத்தில் உடைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சா நின்றுவிடும், மோட்டார் நிற்காது, அதனால் மெஷினின் உடம்பு திரும்பும், அதைப் பிடித்திருக்கும் கையும் சேர்ந்து திரும்பும்.

இதற்குக் காரணம் சாதாரணக் கணக்குதான். பற்கள் எல்லாம் விளிம்பில் இருக்கின்றன. 20 மி.மீ. சாவின் பற்கள் மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி இருக்கும், 100 மி.மீ. சாவில் 50 மி.மீ. தள்ளி இருக்கும். பல் ஒரே அளவு அழுத்தத்தில் சிக்கினாலும், பெரிய சாவில் கைக்கு வரும் முறுக்கு ஐந்து மடங்கு. அதேபோல மெஷின் ஒரே வேகத்தில் சுற்றினாலும் பெரிய சாவின் பற்கள் ஐந்து மடங்கு வேகமாக ஓடும், சீக்கிரமே சூடேறும். சா பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும் என்பது இதனால்தான்.

எண்ணாகச் சொன்னால், பைமெட்டல் (இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த) ஹோல் சாவில் சாதாரண இரும்பு வெட்ட 25 மி.மீ. என்றால் நிமிஷத்துக்கு 350 சுற்று போதும், 51 மி.மீ. என்றால் 170, 76 மி.மீ. என்றால் 115 அளவில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இவற்றில் பாதிதான். அலுமினியம் கொஞ்சம் தாராளம், இரும்புக்குச் சொன்னதில் ஒன்றரை மடங்கு வரை போகலாம். சாதாரண பேட்டரி ட்ரில்லில் 2 என்று போட்ட கியரில் ஸ்விட்சை முழுசாக அழுத்தினால் 1500க்கு மேல் சுற்றும், இப்போது புரிந்திருக்கும். கியர் 1க்கு மாற்றுங்கள், ஸ்விட்சைப் பாதி அழுத்துங்கள். ஹேமர் மோடு மரத்துக்கும் இரும்புக்கும் வேண்டவே வேண்டாம், பற்கள் தெறித்துப் போகும்.

வேகம் சரியா என்று மீட்டர் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, வெளியே வருவதைப் பாருங்கள். இரும்பில் சின்னச் சுருளாக, துணுக்காக வந்தால் சா வெட்டுகிறது. பொடியாக வந்து, கீச்சென்று சத்தம் கேட்டு, புகை வந்தால் அது வெட்டவில்லை, தேய்க்கிறது. அந்த நேரத்தில் எல்லோரும் செய்வது இன்னும் வேகமாகச் சுற்றி உடம்பைப் போட்டு அழுத்துவது. செய்ய வேண்டியது நேர் எதிர்: வேகத்தைக் குறைத்து, வெளியே எடுத்து, துணுக்கைத் தட்டிவிட்டு, இரண்டு சொட்டு கட்டிங் ஆயில் விட்டு மறுபடி இறக்குவது. வார்ப்பிரும்புக்கு மட்டும் ஆயில் வேண்டாம், அதை உலர்வாகத்தான் வெட்டுவார்கள்.

சரி, கை எப்போது திரும்புகிறது? பெரும்பாலும் கடைசி ஒரு மில்லிமீட்டரில். ஒரு பேனல் பெட்டியின் தகட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த பையன் முக்கால்வாசி அழகாக வெட்டிவிட்டான். "தம்பி, இப்போ அழுத்தாதே" என்று சொன்னேன். "இன்னும் கொஞ்சம்தாண்ணே" என்று தோளைக் கொடுத்தான். ஒரு பக்கம் தகடு அறுந்துவிட்டது, மறு பக்கம் அறவில்லை, சா லேசாகச் சாய்ந்தது, அறாத ஓரத்தில் நாலைந்து பற்கள் ஒரே நேரத்தில் கொக்கி போட்டன. நல்லவேளையாக நாங்கள் பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டிவிட்டுத்தான் தொடங்குவோம், அதை இடது கையில் பிடித்திருந்ததால் ஒரு குலுக்கலோடு போயிற்று. வெட்டு முடியப்போகிறது என்பதைச் சத்தமே சொல்லும், கொஞ்சம் கரகரப்பாக மாறும். அந்தச் சத்தம் கேட்டதும் மெஷினை முன்னால் தள்ளுவதை விட்டுவிட்டு, அதன் எடையைத் தாங்கிப் பிடியுங்கள், மீதியைப் பற்கள் பார்த்துக்கொள்ளும். மெஷினில் கிளட்ச் (முன்னால் இருக்கும் எண் போட்ட வளையம்) இருந்தால், ட்ரில் படம் போட்ட இடத்தில் வைக்காமல், வெட்டுவதற்குப் போதுமான எண்ணில் வைத்தால் சிக்கும்போது அது வழுக்கிக் கையைக் காப்பாற்றும். ஏணி உச்சியில் நின்று ஒற்றைக் கையால் 76 மி.மீ. போடுகிறவர்களிடம் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

கையுறை பற்றி எப்போதும் சண்டை வரும். சுற்றும் சாவின் பக்கத்தில் தொளதொள கையுறை கூடாது, துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வெட்டும் பொருளைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், கால் வைத்து மிதிப்பது இறுக்குவது ஆகாது. சுவரில் போடுகிறீர்கள் என்றால் பின்னால் ஒயரோ குழாயோ ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

பெரிய சாவை ஆர்பரில் (சாவை மெஷினோடு இணைக்கும் தண்டில்) மாட்டும்போது நடக்கும் ஒரு தப்பு உண்டு. 32 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ளவற்றில் பொதுவாக ஆர்பரின் இரண்டு பின்கள் சாவின் முதுகில் உள்ள துளைகளில் உட்கார வேண்டும். திருகி முழுக்க இறுக்கிவிட்டு, பின்கள் நேராக வரும்வரை சற்றே பின்னால் திருப்பி, பின்களை உள்ளே தள்ளுங்கள். பின்களை உள்ளே தள்ளாமல் விட்டுவிட்டால் சுமை முழுவதும் திருகு மரையில் ஏறி, வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் பைப் ரெஞ்சு போட்டாலும் வராது.

மரத்துக்கு வேறு ராஜ்ஜியம். பைலட் பிட்டின் (சாவின் நடுவில் இருக்கும் சின்ன பிட்டின்) நுனி அடுத்த பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அதே துளையில் மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். இரண்டு முகமும் சிராய் இல்லாமல் வரும், பில்லையும், அதாவது வெட்டுப்பட்ட வட்டத் துண்டும், பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தடித்த மரம் என்றால், சா வெட்டப்போகும் வட்டக் கோட்டின் மேலேயே, பில்லைப் பக்கமாக, ஒரு சின்ன ஓட்டை முதலில் போட்டுவிடுங்கள். மரத்தூள் அது வழியாக விழுந்துவிடும், புகை வராது.

ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைப் பெரிதாக்கும்போது பைலட் பிட்டுக்குப் பிடிமானம் கிடையாது, பைலட் இல்லாமல் தொடங்கினால் சா முகப்பெல்லாம் ஓடிக் கீறும். ஒரு பிளைவுட் துண்டில் வேண்டிய அளவுக்கு ஓட்டை போட்டு, அந்தத் துண்டைச் சரியான இடத்தில் கிளாம்ப் செய்து, அதையே வழிகாட்டியாக வைத்து இறக்குங்கள்.

பில்லையை எடுக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், ஒயர் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். இரும்புப் பில்லை கொப்புளம் போடும் அளவு சுடும், ஆறட்டும். சாவின் பக்கத்தில் இருக்கும் நீளவாட்டு வெட்டுகள் இதற்காகத்தான், ஸ்க்ரூடிரைவரை விட்டு மாற்றி மாற்றி நெம்பினால் வந்துவிடும். அப்படியே பற்களையும் ஒரு பார்வை பாருங்கள். நீலம் பூத்திருந்தாலோ, வரிசையாக இரண்டு மூன்று பல் இல்லாமல் இருந்தாலோ அந்தச் சாவை மறுபடி பெட்டியில் வைக்காதீர்கள், அடுத்த ஆள் தெரியாமல் எடுத்து மாட்டிவிடுவார்.