எக்ஸ்போசர்: வெளிப்பாடா, ஒளிபடுகையா?

கொழும்பில் எக்ஸ்போசர் என்ற சொல்லைக் கமராவைத் தொடாதவர்களும் தாராளமாகப் புழங்குகிறார்கள். "பிள்ளைக்கு நல்ல எக்ஸ்போசர் கிடைக்கும்" என்று சொல்லித்தான் வெள்ளவத்தைப் பெற்றோர் விவாதப் போட்டிக்கும் நீச்சலுக்கும் அனுப்புகிறார்கள். கலியாண வீட்டுக்குப் படம் எடுக்க வரும் பெடியனிடம் "காசைப் பாராதேங்கோ தம்பி, உங்களுக்கும் ஒரு எக்ஸ்போசர்தானே" என்பவர்களும் உண்டு. முதலாவதை வெளியுலக அனுபவம் என்றும் இரண்டாவதை அறிமுகம் என்றும் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு வேறு பெயரும் இருக்கிறது, அதை எழுதினால் அழகில்லை. இங்கே பேசப்போவது கமராக்காரரின் எக்ஸ்போசர்.

படம் பதியும் பரப்பில், அது பிலிமோ சென்சரோ, விழுந்த ஒளியின் மொத்த அளவுதான் அது. ஒளியின் செறிவையும் அது விழுந்த நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. இந்தக் கணக்கை வைத்துத்தான் இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எவ்வளவு ஒளிக்கு ஒளிப்படத் தட்டு எவ்வளவு கறுக்கிறது என்று அளந்து 1890இல் வெளியிட்டார்கள். பெருக்கல் என்பதால் ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்கலாம். எஃப் எண் வில்லைத் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும். எஃப் 16இல் 1/125 செக்கன் விட்ட ஒளியும், எஃப் 11இல் 1/250 செக்கன் விட்ட ஒளியும், எஃப் 8இல் 1/500 செக்கன் விட்ட ஒளியும் நடைமுறையில் ஒன்றே. ஆனால் படம் ஒன்றாக இராது: கடைசியில் உள்ளது ஓடுகிறவனை அசையாமல் நிறுத்தும், முதலில் உள்ளது தூரத்துக் கட்டடத்தையும் தெளிவாகத் தரும். ஒளியுணர்வைக் குறிக்கும் எண்ணான ஐ.எஸ்.ஓ.வையும் இதில் சேர்த்து மூன்றாக்கிச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். கறாராகப் பார்த்தால் அது சேராது. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் சென்சரில் விழும் ஒளி ஒரு துளியும் கூடுவதில்லை, விழுந்ததைத்தான் கமரா பெருக்கிக் காட்டுகிறது.

பிலிம் றோல் வாங்கியவர்களுக்கு இன்னொரு பொருளும் தெரிந்திருக்கும். பெட்டியில் 36 எக்ஸ்போசர் என்று போட்டிருக்கும். அதற்கு 36 படம் என்பதே போதும், புதுச்சொல் வேண்டாம்.

வேர் லத்தீன். எக்ஸ் என்றால் வெளியே, பொனெரே என்றால் வைத்தல். வெளியே எடுத்து வைத்தல் என்ற அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக உருமாறி ஆங்கிலத்துக்கு வந்தது. ஒளிப்படத்தின் தொடக்க காலத்துக்கு அந்தப் பொருள் அப்படியே பொருந்தியது. 1839இல் பிரான்சில் டாகேரின் ஒளிப்பட முறை வெளியானபோது, இருட்டில் பக்குவப்படுத்திய வெள்ளி பூசிய தட்டைக் கமராவில் செருகி, வில்லையின் மூடியைக் கையால் கழற்றி, நிமிடக்கணக்கில் காத்திருந்து, மீண்டும் மூடினார்கள். இருட்டிலிருந்த தட்டை ஒளிக்கு முன்னால் வைத்தார்கள், அவ்வளவுதான்.

தமிழில் இதைப் பலர் வெளிப்பாடு என்று எழுதுகிறார்கள். எக்ஸுக்கு வெளி என்று யாரோ நேராகப் போட்ட கணக்கு. எனக்கு இதில் உடன்பாடில்லை. கோபத்தின் வெளிப்பாடு, அன்பின் வெளிப்பாடு என்னும்போது உள்ளே இருப்பது வெளியே வருகிறது. கமராவில் நடப்பது நேர் எதிர்: வெளியே இருக்கும் ஒளி உள்ளே வந்து படுகிறது. போதாததற்கு முகபாவத்தையும் வெளிப்பாடு என்கிறோம். "மணமகளின் வெளிப்பாடு நன்றாக இருக்கிறது, ஆனால் வெளிப்பாடு கூடிவிட்டது" என்று ஒரு ஆசிரியர் சொன்னால் மாணவன் எதைத் திருத்துவான்? ஒளியூட்டம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது விளக்கு வைத்து வெளிச்சம் கொடுக்கும் வேலைக்குத்தான் பொருத்தம், அதற்கே இருக்கட்டும்.

நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் வினை படு. மருந்துப் போத்தலை வெயில் படாத இடத்தில் வை என்கிறோம். முகத்தில் வெளிச்சம் படட்டும், கொஞ்சம் திரும்பு என்கிறோம். ஆகவே ஒளிபடுகை. ஒளி கூடினால் மிகை ஒளிபடுகை, குறைந்தால் குறை ஒளிபடுகை. ஒளியை விட்டுப் படுகை என்று தனியாகச் சுருக்கினால் மட்டும் ஆற்றுப் படுகையாகிவிடும்.

இந்தச் சொல் பழகும்போதும் கைகொடுக்கும். காலிமுகத்திடலில் மாலை ஐந்தரைக்குப் பட்டம் விடும் பையன் ஒருவனைக் கடல் பின்னால் வரும்படி எடுத்துப் பாருங்கள். கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டகத்தில் பெரும்பகுதி மினுங்கும் மேற்கு வானம் என்பதால் அதை அடக்கிவிட, பையனின் முகம் கரியாகும். ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டினால் கன்னமும் நூலைப் பிடித்த விரலும் தெரியவரும், வானமோ வெளுத்துப் பட்டத்தின் ஓரம் கரைந்துவிடும். ஒளி எதில் சரியாகப் பட வேண்டும் என்று கேட்டால்தான் முடிவெடுக்கலாம். மூன்றாவது வழி, நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்பது. அப்போது தாழ்ந்த வெயில் அவன் முகத்திலேயே படும், கண் கொஞ்சம் கூசும், பின்னணியில் கடல் போய் ஹோட்டல்கள் வந்துவிடும்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல்லில் இதே ஒளிமானி மறுபக்கம் ஏமாறும். இருண்ட கல்லையும் சாம்பலாக்க ஒளியைக் கூடுதலாக விட்டுக் கல்லின் கனத்தைக் கெடுக்கும். அங்கே குறைக்க வேண்டும். வெள்ளை வேட்டிக் கூட்டத்தை எடுக்கும்போது கூட்ட வேண்டும். நடுப்பகல் வெயிலுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் எதுவும் உதவாது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் கொழும்பில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், கண்குழி இருளும். ஆளை விறாந்தைக்கு அழைத்துப்போவதே வழி.

படத்துக்குள் எது எங்கே என்று தீர்மானிப்பதைக் கொம்பொசிசன் என்கிறார்கள். அதுவும் பொனெரேயின் பிள்ளைதான்: சேர்த்து வைத்தல். படவமைவு என்றால் யாருக்கும் விளங்கும்.

ஒரே சட்டகத்தில் இரண்டு தடவை எடுப்பது இரட்டை ஒளிபடுகை. ஒளிப்படக் கலைஞர் லயனல் வெண்ட் (1900–1944) கொழும்பில் செய்துபார்த்த சொலரைசேசன் வேறு வகை. அதில் இரண்டாவது ஒளி காட்சியிலிருந்து வருவதில்லை. கழுவிக்கொண்டிருக்கும்போதே வெறும் வெளிச்சத்தைப் படவிடுவார்கள், உருவங்களின் விளிம்பில் கோடு எழும். அதற்கு மறு ஒளிபடுகை என்று பெயர் வைக்கலாம்.

எழுதும்போது ஒன்று: ஒளிப்படத்தில் ப் மிகும், ஒளிபடுகையில் மிகாது. இங்கே ஒளிதான் எழுவாய், படுவது அதுவே.