புயல் ராத்திரியில் பழைய ராப் ஏன் மனதை ஆற்றுகிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டு, பல மணி நேரம் நகராமல் நின்றது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர்ப் பக்கம் புகுந்தது. இந்த மாதிரி ராத்திரிகளில் ஆளை அதிகம் வாட்டுவது அடுத்து என்ன ஆகும் என்று தெரியாததுதான். கரண்ட் எப்போது வரும்? தண்ணீர் வாசற்படி ஏறுமா? மூளை விடாமல் கணக்குப் போடும், விடை வராது. பள்ளிக்கூட வயதில் மனப்பாடமான ராப் பாட்டு, விடை தெரிந்த ஒரு கணக்கை அதன் கையில் கொடுக்கிறது.

பழைய ராப் பாட்டுகள் பலவும் நிமிடத்துக்கு 90 தாள அடியை ஒட்டி ஓடுபவை. டும், டக், டும், டக். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே முக்கால் நொடிகூட இல்லை. அந்த இடைவெளியை மூளை காதால் மட்டும் கணிப்பதில்லை. நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், கைகால் அசைவை நடத்தும் மூளைப் பகுதிகள் தாளத்தோடு சேர்ந்து வேலை செய்கின்றன. தலை தானாக ஆடுவது அதனால்தான்.

வார்த்தையிலும் இதே கணிப்பு உண்டு. ‘கரையில அடிக்குது காத்து, கதவ மூடுடா பாத்து’ என்று இரண்டு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘க’ மோனை காதைப் பிடித்து நிறுத்துகிறது. ‘காத்து’ விழுந்ததுமே ‘த்து’ என்று முடியும் இன்னொரு சொல்லுக்கு மூளை தயாராகிவிடுகிறது. ‘பாத்து’ சரியாக ‘டக்’ மேல் விழும்போது கணிப்பு பலிக்கிறது. மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011-இல் காட்டியது இதோடு பொருந்துகிறது: பிடித்த இசையின் உச்சத்தை எதிர்பார்க்கும்போதே மூளையின் ஒரு பகுதியில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, உச்சம் வரும்போது வேறொரு பகுதியில். தெரிந்த பாட்டில் எதிர்பார்ப்பு ஏமாறுவதே இல்லை.

ஏன் அந்த வயதுப் பாட்டு மட்டும்? 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள்தான் பிற்காலத்தில் அதிகம் மேலெழும்புகின்றன. பாட்டோடு அந்தத் தெருவும் நண்பர்களும் சேர்ந்தே திரும்பி வருகிறார்கள்.

ஐப்பசி பிறக்கும் முன்பே 15 பாட்டுகளைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி, பாட்டுக்கு 4 நிமிடம் வைத்தால் மொத்தமே 60 எம்பிதான். வரிகளைப் பார்க்காமல் சொல்ல வருகிற பாட்டுகளாக எடுங்கள். திரையை அணைத்துவிட்டு, வயர் உள்ள இயர்போனில், ஒரு காதில் மட்டும் கேளுங்கள். வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும். காற்றுச் சத்தத்தை மீறச் சத்தத்தைக் கூட்டுவதும் காதுக்கு நல்லதல்ல.

படபடப்பு இருந்தால் தாளத்தையே மூச்சுக்குப் பிடிக்கலாம்: 6 அடிக்கு இழுத்து, 10 அடிக்கு விடுங்கள். 90 வேகத்தில் இந்த 16 அடி கிட்டத்தட்ட 10.7 நொடி. வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். எண்ண முடியாவிட்டால் பாட்டோடு சேர்ந்து வரிகளைச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் இரண்டு வரி சொல்வதும் நீண்ட வெளிமூச்சுதான்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒரே பாட்டை ராத்திரி முழுக்கச் சுற்றவிட்டால் சலித்துவிடும். அதைவிட மோசம், அந்தப் பாட்டு புயலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கேட்டாலே வயிறு கலங்கும். அதனால் பட்டியலை மாற்றி மாற்றிக் கேளுங்கள், காற்று உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, காதல் முறிவோடு சேர்ந்த பாட்டு. அது பழைய துக்கத்தையும் கிளறும், பட்டியலில் வேண்டாம். தூக்கமின்மையும் பயமும் இரண்டு வாரம் தாண்டினால் பாட்டு போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அப்பா அம்மா பக்கத்தில் இருந்தால் இயர்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடுங்கள். மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பத்தின் ‘மடை திறந்து’, 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாட்டை எடுத்து ராப்போடு கோத்தது. ராப் வரிகளைப் பிள்ளை முணுமுணுப்பார், பழைய மெட்டு வரும் இடத்தில் அப்பா சேர்ந்துகொள்வார்.