அடைபட்ட பித்தக்குழாய்க்கு இன்னொரு துருசு

வன்னியில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் வீட்டில் முதலில் சொல்வது செங்கமாரி. அடுத்ததாகக் கீழ்க்காய்நெல்லி தேடுவோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியப்பா மூன்று கிழமை அந்தச் சாற்றைக் குடித்தார். மலம் சுண்ணாம்புபோல வெளுத்தது, சலம் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனது, இரவிரவாக உடம்பெல்லாம் கடி (அரிப்பு). இது ஈரல் பழுதால் வரும் செங்கமாரி இல்லை, வேறு. பித்தக்குழாய் அடைபட்டதன் அடையாளம். இதை எந்தச் சாறும் திறக்காது.

ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் பித்தம் சுரக்கும். அது ஒரு குழாய் வழியே சிறுகுடலுக்கு வரும். சதையியின் (கணையத்தின்) தலைப்பக்கம் புற்றுநோய்க் கட்டி வளர்ந்தால் குழாய் நசிந்துபோகும். இரணைமடுக் குளத்தின் துருசு, அதாவது மதகு, அடைபட்டால் தண்ணீர் பின்னுக்குத்தானே ஏறும்? பித்தமும் அப்படித்தான், கடைசியில் இரத்தத்தில் கலக்கும்.

வழமையாக, வாய்வழியே கமெராக் குழாயை இறக்கி, பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாய்க்குள் ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் சின்னக் குழல்) ஏற்றுவார்கள். பெரும்பாலும் சரிவரும். கட்டி அந்த வாயையே மறைத்துவிட்டால் விலாப்பக்கத்தால் ஊசி விட்டு, பித்தத்தை வெளியே ஒரு பைக்குள் வடிப்பார்கள். அந்தப் பையோடு வயலில் இறங்க முடியுமா?

2001இல் பிரான்சின் மார்செய் நகரில் ஜியோவானினி குழுவினர் வேறு வழி காட்டினார்கள். பித்தக்குழாய் சிறுகுடலின் தொடக்கத்தை ஒட்டியே போகிறது. ஆகவே குடற்சுவரிலேயே புது வாய் திறக்கலாம். கமெராக் குழாயின் நுனியில் சின்ன ஸ்கான் கருவி இருக்கும். சுவரோடு அதை வைத்தால் அப்பால் வீங்கிய பித்தக்குழாய் கறுப்பாகத் தெரியும். இரத்தக்குழாயும் கறுப்புத்தான்! ஆனால் ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானைப் போட்டால் ஓடும் இரத்தம் நிறமாக மின்னும், பித்தம் கறுப்பாகவே கிடக்கும். அதைப் பார்த்துத்தான் குத்தும் இடத்தைத் தீர்மானிப்பார்கள்.

இன்று இதற்கென்றே வந்த ஸ்டென்ட் உடுக்கை வடிவம். நிட்டினோல் என்ற உலோகக் கம்பி வலை, மேலே சிலிக்கோன் உறை, இடை 6 அல்லது 8 மில்லிமீற்றர். அதை ஏற்றிச் செல்லும் குழலின் நுனி மின்சூட்டால் சுவரை வெட்டி உள்ளே போகும். உடுக்கையின் ஒரு முகம் பித்தக்குழாய்க்குள் விரியும். மெல்ல இழுத்துப் பிடித்தபின் மறுமுகம் குடலுக்குள் விரியும். இரண்டு சுவர்களும் நடுவில் இறுகிக்கொள்வதால் பித்தம் குடலுக்கு வெளியே வயிற்றறைக்குள் கசிவது அரிது. பின்னுக்கு ஏறிய பித்தம் குழாயை வீங்க வைத்ததுதான் இங்கே கைகொடுக்கிறது. ஒடுங்கிய குழாய்க்குள் இந்த முகம் விரியாது.

கட்டியை இது கரைக்காது. ஆனால் மஞ்சள் இறங்கும், கடி அடங்கும், புற்றுநோய் மருந்து ஏற்ற உடம்பு இடம் கொடுக்கும். அப்புறம் ஒன்று: சாப்பாட்டுத் துணிக்கை ஸ்டென்ட்டை அடைக்கக்கூடும். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.