இன்ஜின் மாத்தியாச்சு, கியர் பாக்ஸ் மாத்தியாச்சு, லோ எங்க போச்சு?

மிலிட்டரி ஏலத்துல வந்த பழைய ஜீப்ப வாங்கி, டீசல் இன்ஜின் ஏத்தி, 5 ஸ்பீடு கியர் பாக்ஸ் போட்டு, பெரிய டயரும் மாட்டி, "அண்ணே சும்மா பறக்குதுண்ணே"ன்னு பட்டறைல கொண்டு வந்து நிறுத்துறாங்க. பறக்கட்டும், நான் வேணாம்னு சொல்லல. நான் முதல்ல கேக்குறது லோ விழுதான்னு தான், அதாவது கியர் பாக்ஸ் பின்னாடி, முன் பின் ஆக்சிலுக்கு இழுவைய பிரிச்சு அனுப்புற ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ங்கற பொட்டில, வேகத்த கொறச்சு இழுவைய கூட்டுற கியர். பாதி பேரு முழிப்பாங்க, மீதி பேரு "இந்த இன்ஜினுக்கு லோ எதுக்குண்ணே, செகண்ட்லயே ஏறுது"ம்பாங்க. ஏறும் தம்பி, இறங்குறப்ப?

லோ கியர்னா ஏத்தத்துக்கு, சேத்துல மாட்டுனா வெளிய வர்றதுக்குன்னு மட்டும் தான் நிறைய பேரு நெனச்சிட்டு இருக்காங்க. சூரியநெல்லில இருந்து கொழுக்குமலை போற ஜீப்புல ஒருவாட்டி ஏறிப் பாத்தவங்களுக்குத் தெரியும், போறப்ப வயித்துல புளி கரைக்காது, வர்றப்ப தான் கரைக்கும். இறக்கத்துல வண்டிய இன்ஜினே புடிச்சு வெச்சுக்கணும், பிரேக்கு சும்மா துணைக்கு. லோ இல்லாத வண்டில மொத்த பாரமும் பிரேக் மேல வந்து விழும். பழைய ஜீப்புல இருக்கறது 9 இஞ்ச் டிரம், சூடாக ஆக டிரம் விரிஞ்சு ஷூவ விட்டு விலகும், பெடல் கீழ கீழ போகும், அப்புறம் பம்ப் அடிச்சு அடிச்சு ஓட்டுறதெல்லாம் ஓட்டுறதே இல்ல.

கணக்கு போட்டு பாத்துருவோம், பெருக்கத் தெரிஞ்சா போதும். கியர் பாக்ஸோட ஃபர்ஸ்ட், ட்ரான்ஸ்ஃபர் கேஸோட லோ, ஆக்சில்ல இருக்கற கிரவுன் பினியன், மூணு ரேஷியோவையும் பெருக்குனா இன்ஜின் எத்தனை சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து சுத்தும்னு வந்துரும். ரெண்டாம் உலகப் போர்ல ஓடுன வில்லிஸ் எம்பி, அமெரிக்க ராணுவக் கணக்குல அது கால் டன் டிரக், அதுல 2.665, 1.97, 4.88, பெருக்குனா 25.6 கிட்ட வரும். அதுக்கப்புறம் வந்த சிஜே 3பி, நம்மூர்ல மஹிந்திரா பண்ணது, 1965 போர்ல பீரங்கி கட்டிட்டு போன ஜீப்பெல்லாம் இந்த குடும்பம் தான், அதுல 2.798, 2.46, 5.38, மொத்தம் 37. அதாவது இன்ஜின் 1000 ஆர்பிஎம்ல ஓடுனா வண்டி மணிக்கு 3.7 கிலோமீட்டர் தான் போகும், ஆளு கூடவே நடந்து வரலாம்.

இப்ப மாத்துன வண்டிக்கு வருவோம். 5 ஸ்பீடு பாக்ஸ் ஃபர்ஸ்ட் 3.7னு வெச்சுக்குங்க, ஹைவேல இன்ஜின் கத்தக் கூடாதுன்னு ஆக்சில 4.27 ஆக்கியாச்சு, டயர் 31 இஞ்ச், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் "பொருந்தல"ன்னு கழட்டி சாக்குல கட்டி மூலைல போட்டாச்சு. பெருக்குனா 15.8. அதே 1000 ஆர்பிஎம்ல வண்டி 9 கிலோமீட்டருக்கு மேல போகும். கல்லும் கொண்டை ஊசியுமா இருக்கற எஸ்டேட் ரோட்டுல கீழ பாத்து 9 கிலோமீட்டர்னா கால பிரேக்ல இருந்து எடுக்கவே முடியாது, ஏத்தத்துல ஹாஃப் கிளட்ச் போட்டு போட்டு பிளேட்டு கருகும்.

ஆனா அதே பாக்ஸ், அதே 4.27 ஆக்சில், அதே 31 இஞ்ச் டயரோட, அந்த 2.46 ட்ரான்ஸ்ஃபர் கேஸ திரும்ப மாட்டுங்க, கணக்கு 38.9க்கு போயிரும், வேகம் 3.8 கிலோமீட்டர், கிட்டத்தட்ட பழைய ஜீப் நடை அப்படியே திரும்ப வருது. அதனால கியர் பாக்ஸ் மாத்துனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பொட்டிய தூக்கி எறிஞ்சது தான் தப்பு. எம்பில இருக்கற 1.97 பொட்டிக்கு பதிலா பிற்பாடு வந்த 2.46 பொட்டி கிடைச்சா இன்னும் நல்லது.

பொட்டியோட இன்னும் ரெண்டு விஷயம் சேர்ந்து போகுது, யாரும் யோசிக்கறதில்ல. இந்த ஜீப்புல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல கிடையாது, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி ஷாஃப்ட்டுல தான் டிரம்மே இருக்கு, ஸ்பீடோ கேபிளும் அங்கிருந்து தான் வருது. பொட்டிய கழட்டுனா ஹேண்ட் பிரேக்கும் போச்சு. சக்கரத்துக்கு கல்லு வெச்சு நிறுத்துற மாடிஃபைடு ஜீப்புகள பாத்திருப்பீங்களே, காரணம் இது தான்.

திரும்ப மாட்டுறப்ப எங்க வம்பு வரும்னா, இந்த ஜீப்புங்கள்ல வர்ற டானா 18ங்கற மாடல் பொட்டியோட முதல் கியர், கியர் பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டு பல்லுல நேரா உக்காருற மாதிரி டிசைன். வேற பாக்ஸ்னா ஷாஃப்ட்டும் அடாப்டர் பிளேட்டும் லேத்துல பண்ணணும், சென்டர் ஒரு நூலு தப்புனாலும் பேரிங் கத்தும், இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அடாப்டர் கனமா போனா பொட்டி பின்னாடி தள்ளும், மொத்த வீல்பேஸே 80 இஞ்ச் தான், பொட்டில இருந்து பின் ஆக்சிலுக்கு போற ஜாயிண்ட் ஷாஃப்ட் குட்டையாகி, அதோட முனைல மடங்குற இணைப்பான கிராஸ் கோணம் ஏறி, கிராஸ் சீக்கிரமே தேஞ்சு போகும். ஜிப்சில இருக்கற மாதிரி பொட்டிய தனியா தொங்க விட்டு நடுவுல சின்ன ஷாஃப்ட் போடலாமேன்னு கேக்கறாங்க, ஜோங்கா, ஒன் டன் மாதிரி நீளமான மிலிட்டரி வண்டில யோசிக்கலாம், குட்டை ஜீப்புல இடமே கிடையாது.

பழைய பொட்டி வாங்குனா புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல சொல்ற வார்த்தைய நம்பி அப்படியே மாட்டாதீங்க. பின்பக்கம் லாக் பிளேட் போல்ட்ட கழட்டி நடு ஷாஃப்ட்ட தட்டி வெளிய எடுங்க. வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா நீடில் பேரிங் ஓடுன இடத்துல வரி வரியா தழும்பு இருக்கும், நகத்த வெச்சு இழுத்தா மாட்டும். அப்படி மாட்டுனா அந்த ஷாஃப்ட்டு ஆகாது. ஆரம்ப கால பொட்டில அந்த ஷாஃப்ட் முக்கால் இஞ்ச் தான், அடுத்து ஒன்னேகால் இஞ்ச் வரைக்கும் தடிமன் ஏத்துனாங்க, டீசலுக்கு தடி ஷாஃப்ட் பொட்டியா பாத்து வாங்குங்க.

அப்புறம் ஒரு கெட்ட பழக்கம். பொட்டில லிவருங்க தள்ளுற ரெண்டு ஷிஃப்ட் ராடுக்கும் நடுவுல மாத்திரை சைஸ்ல ஒரு இரும்புத் துண்டு இருக்கும், முன் ஆக்சில் சேராம லோ விழக் கூடாதுன்னு தடுக்கறது அது தான். "டூ வீல் லோ" வேணும்னு அத எடுத்துப் போட்டுர்றாங்க, பாறைல மாட்டி லோல மிதிச்சா மொத்த முறுக்கும் பின் ஆக்சில் ஷாஃப்ட்டுல மட்டும் ஏறி முறிச்சுரும். அத எடுக்கச் சொன்னா நான் வேலையவே எடுக்கறதில்ல.

முன் பின் கிரவுன் ஒரே ரேஷியோவான்னும் பாத்தே ஆகணும், பின்னாடி மட்டும் 4.27 மாத்தி முன்னாடி 5.38 அப்படியே விட்ட வண்டிங்க நிறைய சுத்துது. ஃபோர் வீல் போட்ட உடனே ரெண்டும் ஒன்ன ஒன்னு இழுக்கும், ஏதாவது ஒன்னு உடையற வரைக்கும் விடாது. சோதிக்கறது சுலபம், நியூட்ரல்ல போட்டு ஒரு பக்க சக்கரத்த மட்டும் ஜாக்கில தூக்கி (கீழ இருக்கற சக்கரத்துக்கு முட்டு குடுத்துட்டு) தூக்குன சக்கரத்த ரெண்டு முழு சுத்து சுத்துங்க, ஜாயிண்ட் ஷாஃப்ட்டுல சாக்பீஸ்ல கோடு போட்டு அது எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணுங்க. நாலேகாலா, அஞ்சரை கிட்டயா, தெரிஞ்சுரும். முன்னாடியும் அதே மாதிரி.

எல்லாம் மாட்டுனப்புறம் ஏத்தத்துல ஓட்டிப் பாத்து சந்தோஷப்பட்டு வண்டிய எடுத்துட்டு போயிராதீங்க. சின்ன இறக்கத்துல லோ ஃபர்ஸ்ட் போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க, கை பக்கத்துலயே இருக்கட்டும், லிவரப் புடிச்சுக்க வேணாம். தேஞ்ச பொட்டின்னா லோ தானா வெளிய எகிறுறது பெரும்பாலும் இழுக்கறப்ப இல்ல, இப்படி வண்டி இன்ஜின தள்ளுறப்ப தான். எகிறுனா லிவர கயிறு போட்டு கட்டி சமாளிக்கற வேலை வேணாம், பொட்டிய இறக்கி ஷிஃப்ட் ராட புடிச்சு வெக்கற இரும்பு குண்டு, ஸ்பிரிங், ஷிஃப்ட் ஃபோர்க், கியர் பல்லு எல்லாம் பாக்கணும்.

ஓட்டுறவங்களுக்கு முக்கியமா ஒன்னு. லோ போடறதா இருந்தா மேலயே வண்டிய நிறுத்திப் போடுங்க. ஹைக்கும் லோவுக்கும் நடுவுல ஒரு நியூட்ரல் இருக்கு, பாதி இறக்கத்துல லிவர இழுத்து அது நியூட்ரல்ல நின்னுருச்சுன்னா கியர் பாக்ஸ் ஃபர்ஸ்ட்லயே இருந்தாலும் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இருக்காது, அப்ப பிரேக் ஏற்கனவே சூடா இருந்தா ஹேண்ட் பிரேக் தான் கதி. தார் ரோடு வந்ததும் மறக்காம லோவையும் முன் ஆக்சிலையும் எடுத்துருங்க.

பேப்பர் விஷயமும் இருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி குடுத்த அமைப்ப இஷ்டத்துக்கு மாத்த விடாது, அதனால இன்ஜின், கியர் பாக்ஸ் எது மாத்துறதா இருந்தாலும் கைய வைக்கறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல போய் கேட்டுருங்க, ஆக்சிடெண்ட் ஆனப்புறம் இன்சூரன்ஸ்காரன் முதல்ல பாக்கறது ஆர்சில என்ன இன்ஜின் நம்பர் இருக்குன்னு தான்.