‘தேயிலை பற்றித் தகவல் சேகரிக்கவும்’: பாடசாலை நூலகத்திலிருந்து சில குறிப்புகள்

ஒவ்வொரு தவணையிலும் ஒப்படை கொடுக்கப்படும் வாரத்தில் எங்கள் நூலக வாசலில் ஒரே காட்சிதான். தரம் ஒன்பது பிள்ளைகள் நாற்பது பேர் கொப்பியும் கையுமாக வந்து நிற்பார்கள். கொப்பியில் ‘தேயிலை பற்றித் தகவல் சேகரிக்கவும்’ என்று ஒற்றை வரி இருக்கும். மறுநாள் அவர்களில் பாதிப் பேரைக் காண முடியாது. பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள கொமியூனிகேஷனில், அதாவது தட்டெழுத்து, போட்டோப் பிரதிக் கடையில், அதே தலைப்பில் ஏற்கெனவே தட்டெழுதிய ஆறு பக்கங்கள், வர்ணப் படங்களோடு, விலைக்குக் கிடைக்கின்றன என்ற செய்தி அதற்குள் வகுப்பு முழுவதும் பரவியிருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சேகரிக்கச் சொன்னோம், சேகரித்துவிட்டார்கள்.

இலங்கை மலையகப் பாடசாலைகளில் ஆசிரிய நூலகராக இருந்த காலத்தில் நான் கண்டுகொண்டது இதுதான்: ஒப்படையின் வாசகத்தை மாற்றாத வரையில், அலுமாரிகளில் எத்தனை புத்தகங்களைச் சேர்த்தாலும் ஒரு பிள்ளைக்குத் தேடக் கற்பிக்க முடியாது. தலைப்பைக் கொடுத்தால் பிரதிதான் வரும். கேள்வியைக் கொடுத்தால், அதிலும் பிள்ளையே உருவாக்கிய கேள்வியாக இருந்தால், பிரதி செய்ய எதுவும் கிடைக்காது. ஏனெனில் அந்தக் கேள்விக்கு நேரான விடை எந்த ஒரு பக்கத்திலும் அச்சாகி இருக்காது.

கடந்த ஆண்டு வரலாற்று ஆசிரியரும் நானும் சேர்ந்து ஒரு சிறு முயற்சி செய்தோம். ‘தேயிலை இலங்கைக்கு எப்போது வந்தது?’ என்ற எளிய கேள்வியோடு வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து நூலகத்துக்கு அழைத்து வந்தோம். அரை மணி நேரத்தில் இரண்டு விடைகள் கரும்பலகைக்கு வந்துவிட்டன. ஒரு குழு 1824 என்றது. சீனத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தேயிலைச் செடி அந்த ஆண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டது. இன்னொரு குழு 1867 என்றது. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் வணிக நோக்கோடு தேயிலை பயிரிட்ட ஆண்டு அது. பிள்ளைகள் வழக்கம்போல, “எது சரி, டீச்சர்?” என்று கேட்டார்கள். நாங்கள் விடை சொல்லவில்லை. ‘வந்தது’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று திருப்பிக் கேட்டோம். செடி வந்ததா, தோட்டம் வந்ததா என்று கேள்வியைப் பிரித்துக்கொண்டதும் இரண்டு ஆண்டுகளும் சண்டையில்லாமல் அடுத்தடுத்து உட்கார்ந்துகொண்டன. தகவல்கள் முரண்படுவதுபோலத் தோன்றும்போது முதலில் சோதிக்க வேண்டியது நமது கேள்வியைத்தான் என்பதை நான் அன்று ஒரு வசனத்திலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொப்பியில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள்.

அடுத்ததாக அலுமாரிக்குச் சென்றோம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்றும் பல இடங்களில் உண்டு. பத்துப் பிரிவுகளையும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு புத்தகத்தை எடுத்துத் தரத் தெரியாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்று நடந்து பார்ப்பதே எங்கள் முறை. தேயிலைச் செய்கை 633.72இல் இருக்கிறது. தோட்டங்களின் கதையோ இலங்கை வரலாற்றோடு 954.93இல் இருக்கிறது. தோட்டத்து மக்கள் பாடிய நாட்டார் பாடல்களைத் தேடினால் 398க்குப் போக வேண்டும். ஒரு பொருளுக்கு மூன்று அலுமாரிகள் என்பதைக் கால் வலிக்க நடந்து கற்ற பிள்ளை, ஒரு புத்தகத்தோடு தேடலை முடித்துக்கொள்வதில்லை.

அந்த நடையில்தான் ஒரு மாணவி 633.72க்குப் பக்கத்தில், 633.73இல், கோப்பிச் செய்கை பற்றிய பழைய சிறு நூலொன்றைக் கண்டெடுத்தாள். கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் 1869இல் கண்டறியப்பட்டது என்று அதில் இருந்தது. அவள் கரும்பலகையைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு சற்றுத் தயங்கியே கேட்டாள்: “நோயில கோப்பி அழிஞ்சதாலதான் டெய்லர் தேயிலை நட்டார்னு எழுதியிருக்கோமே டீச்சர். அவரு ரெண்டு வருசம் முந்தியே நட்டுட்டாரே?”

கொமியூனிகேஷனில் விற்கும் ஆறு பக்கங்களிலும், நான் பார்த்த பல குறிப்புகளிலும் அந்த ‘அதனால்’ எந்தக் கேள்வியுமின்றி உட்கார்ந்திருக்கிறது. நோய் பரவிக் கோப்பித் தோட்டங்கள் 1880களில் சரிந்தபோது தோட்டத்துரைமார் தேயிலைக்கு மாறினார்கள் என்பது உண்மை. டெய்லரின் முதல் 19 ஏக்கருக்கு அந்த நோய் காரணமாக இருந்திருக்க முடியாது என்பதும் உண்மை. இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்ததைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை. நான் ஆய்வுத் திறன் என்று சொல்வது இதைத்தான். வரலாற்று ஆசிரியர் அன்று பாடவேளை முடிந்த பின்னும் நூலகத்தை விட்டுப் போகவில்லை.

குறிப்பு எடுப்பதற்கு நாங்கள் பாவிப்பது பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம். நான்காகக் கிழித்தால் நல்ல அட்டைகள் கிடைக்கும், செலவில்லை. ஓர் அட்டையில் ஒரே ஒரு தகவல். மேல் மூலையில் நூலின் பெயரும் பக்க எண்ணும். எழுதும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும் என்பது மட்டுமே கண்டிப்பான விதி. திறந்த புத்தகத்தைப் பார்த்து எழுதினால் கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். மூடிவிட்டு எழுதினால் பிள்ளை தன் சொல்லில்தான் எழுத முடியும். ஆண்டோ எண்ணோ ஐயமாக இருந்தால் மறுபடி திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். அட்டைகளை மேசையில் பரப்பி முன்பின்னாக மாற்றி அடுக்கும்போது கட்டுரையின் ஒழுங்கு தானாகவே பிறந்துவிடுகிறது. இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, ஆனால் பிள்ளைகள் போனில் படம் பிடித்துக்கொண்டு போகும் இந்நாளில் வலிந்து கற்பிக்க வேண்டியதாகிவிட்டது.

பெற்றோரும் சக ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டிய ஒரு விடயத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தேடலின் நடுவில் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். தொடக்கத்தில் இருந்த உற்சாகம் நாலைந்து நூல்களைப் பார்த்ததும் குறைந்து, எல்லாம் குழப்பமாக இருக்கிறது, தலைப்பையே மாற்றிவிடலாமா என்று கேட்கத் தொடங்குவார்கள். பாடசாலை நூலகராக இருந்து பின்னர் பேராசிரியரான கரோல் குல்தாவ் என்ற அமெரிக்கர், 1980களில் மாணவர்களின் தேடலைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, இந்தத் தளர்ச்சி தேடலின் இயல்பான ஒரு கட்டமே என்று காட்டினார். கேள்வி இன்னும் கூர்மையாகாத நிலையில் தகவல் பெருகும்போது மனம் தடுமாறத்தான் செய்யும். அந்த நேரத்தில் ‘சோம்பேறி’ என்று ஏசினால் பிள்ளை நேரே கொமியூனிகேஷனுக்குப் போய்விடும். ‘இதுவரை பார்த்ததில் உனக்கு வியப்பாக இருந்தது எது?’ என்று கேட்டு, அந்த ஒன்றைச் சுற்றிக் கேள்வியைக் குறுக்கிக் கொடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடுவார்கள். கடைசி நாளுக்கு முந்தைய நாள் மட்டும் நூலகத்துக்கு அனுப்புவதால் எந்தப் பயனும் இல்லை என்று நான் ஆசிரியர்களிடம் மன்றாடுவதும் இதனால்தான்.

நூல்கள் இல்லையே என்ற குறை நியாயமானது. முன்பு நான் பணியாற்றிய ஒரு பாடசாலையில் நல்ல நூல்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. நூலகப் பாடவேளை, வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேளையாகவே கழிந்தது. இன்று ஓரளவுக்குக் கைகொடுப்பது 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணைய எண்ணிம நூலகம். ஈழத்திலும் மலையகத்திலும் வெளியான நூல்கள், சஞ்சிகைகள், நினைவு மலர்களை அதில் கட்டணமின்றிப் படிக்கலாம். எங்கள் பாடசாலை நூலகத்தின் ஒரே கணினியில் அதைத் திறந்து வைப்பதோடு என் வேலை முடிந்துவிடுவதில்லை. யார் எழுதியது, எந்த ஆண்டில், எதற்காக வெளியிட்டார்கள் என்ற மூன்றையும் அட்டையில் குறித்த பிறகே உள்ளே படிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவையும் நான் தடுப்பதில்லை. கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களில் ஒன்றையாவது தேடிப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

அந்த மாணவி இலைத்துரு நோயோடு நிற்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து மக்கள் மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டுகள் என்று 2023இல் ‘மலையகம் 200’ நினைவுகூர்ந்தார்களே, தேயிலைத் தோட்டம் 1867இல்தான் தொடங்கியதென்றால் அதற்கு முன் வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்டாள். கோப்பித் தோட்டத்துக்கு வந்தார்கள் என்பதை அவளே படித்தறிந்தாள். கோப்பி பருவத்தில் பழம் பறிக்கும் பயிர். பறித்து முடிந்ததும் பலர் கடல் கடந்து ஊர் திரும்பினார்கள். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால், வந்தவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் நிரந்தரமாகத் தங்க நேர்ந்தது. அப்படியானால் தன் குடும்பம் கோப்பிக்கு வந்ததா, தேயிலைக்கு வந்ததா என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அதற்கு 954.93இல் விடை இல்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனவள் திங்கட்கிழமை காலையில் மூன்று அட்டைகளோடு வந்தாள். நூலின் பெயர் எழுத வேண்டிய மூலையில் ‘அம்மாயி’ என்று எழுதியிருந்தாள். பக்க எண்ணுக்குரிய இடத்தில் ஒரு சிறு கோடு போட்டிருந்தாள். கோட்டை அழித்துவிட்டு, அம்மாயி எந்தத் தேதியில், எங்கே உட்கார்ந்து சொன்னார் என்று அங்கே எழுதச் சொன்னேன்.