பாட்டில் வாங்கும் முன் இன்ஜெக்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பெட்ரோல் பங்க்கிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ஃப்யூயல் சிஸ்டம் கிளீனர் பாட்டில்களை இப்போது கண்ணில் படுகிற இடத்தில்தான் அடுக்கி வைக்கிறார்கள். டேங்கில் ஊற்றினால் கார்பன் கரையும், மைலேஜ் கூடும், பழைய பிக்கப் திரும்பிவிடும் என்று லேபிளில் எழுதியிருக்கும். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "இதை ஊத்தலாமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் ஊற்றிவிட்டு வந்து "ஒண்ணும் மாறலையே" என்கிறார்கள். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். டேங்கில் ஊற்றும் மருந்து பெட்ரோலோடு கலந்துதான் போகும். பெட்ரோல் எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடம்தான் சுத்தமாகும். தொடாத இடத்தில் கார்பன் ஏறியிருந்தால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அது அப்படியே இருக்கும்.

கார்பன் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது இன்ஜினில் ஒரே இடத்தில் படிவதில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனியில் மெல்லிய வார்னிஷ் போலப் படியும். சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் முதுகில் கட்டியாக ஏறும். பிஸ்டன் தலையில் கருப்பாக ஒட்டும். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடியில் பிசுபிசுப்பாகச் சேரும். இதில் முதல் மூன்று இடங்களுக்கு, வண்டியைப் பொறுத்து, பெட்ரோல் போகும். த்ராட்டில் பாடி வழியாகக் காற்று மட்டும்தான் போகிறது. அங்கே படிவது, இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் புகையும் ஆயில் ஆவியும் பிரீதர் ஹோஸ் வழியாகத் திரும்பி வந்து ஒட்டுகிற பிசுக்கு. அதைக் கழற்றி, த்ராட்டில் பாடி ஸ்பிரே அடித்து, துணியால் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஐட்லிங் நிற்காமல் ஏறி இறங்குகிறது என்று வரும் வண்டிகளில் நிறைய இந்த வேலையிலேயே சரியாகிவிடும்.

சாதாரண எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார்களை முதலில் பார்ப்போம். ஆல்டோ, வேகன்ஆர், டியாகோ மாதிரியான வண்டிகள். இவற்றில் இன்ஜெக்டர் இன்டேக் போர்ட்டில் உட்கார்ந்து, வால்வின் முதுகைப் பார்த்து பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. ஆக ஒவ்வொரு தடவை பீய்ச்சும்போதும் அந்த வால்வு கழுவப்படுகிறது. இந்த வண்டிகளில் நல்ல கிளீனர் உண்மையிலேயே வேலை செய்யும். இன்ஜெக்டர் நுனி, வால்வு முதுகு இரண்டுக்கும் மருந்து போய்ச் சேருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக இடறுவது, ஆக்சிலரேட்டர் மிதித்ததும் ஒரு கணம் தயங்குவது போன்ற தொந்தரவு, இன்ஜெக்டர் அழுக்கால் வந்ததாக இருந்தால் ஒன்றிரண்டு டேங்க் ஓடியதும் குறையும்.

நல்ல கிளீனர் எது? லேபிளிலோ, தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தகவல் தாளிலோ பாலிஈதர் அமீன் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கமாக பிஇஏ. இந்த மூலக்கூறின் ஒரு பக்கம் படிவத்தைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு பக்கம் பெட்ரோலில் கரையும். அப்படியே அழுக்கைப் பெயர்த்துக்கொண்டு போய் எரிந்துவிடும். எரியறையின் சூட்டையும் தாங்கும் என்பதால் பிஸ்டன் தலையில் உள்ளதையும் ஓரளவு குறைக்கும். இன்னொரு வகை, பாலிஐசோபியூட்டிலீன் அமீன். இன்ஜெக்டருக்கும் வால்வுக்கும் அதுவும் நல்லதுதான். ஆனால் அளவு மீறினால் அதுவே எரியறையில் படிவமாகச் சேரக்கூடியது. மற்றபடி பெரும்பாலான பாட்டில்களில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் ரகக் கரைப்பான்தான். மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்குமே சொல்லாத பாட்டிலை நான் என் வாடிக்கையாளர் வண்டியில் ஊற்றுவதில்லை.

இந்த மருந்துகளின் பின்னணி தெரிந்தால் இது வெறும் வியாபாரத் தந்திரம் இல்லை என்பது புரியும். அமெரிக்காவில் 1980களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தபோது, நுனி அடைத்துக்கொண்டு வண்டிகள் தடுமாறின. கடைசியில் 1995 முதல் எல்லா பெட்ரோலிலும் சுத்தம் செய்யும் மருந்து குறைந்தபட்ச அளவு இருக்க வேண்டும் என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கட்டாயமாக்கியது. அந்த அளவு போதாது என்று 2004இல் பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நான்கும் சேர்ந்து டாப் டியர் என்ற உயர்ந்த தரத்தைக் கொண்டு வந்தன. கார் தயாரிப்பாளர்களே கவலைப்பட்ட விஷயம் இது.

இனி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் வண்டிகள். ஹூண்டாய், கியாவின் டர்போ ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, மஹிந்திராவின் டிஜிடிஐ எல்லாம் இந்த வகை. இவற்றில் இன்ஜெக்டர் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறது. வால்வின் முதுகில் ஒரு சொட்டு பெட்ரோல் படாது. ஆனால் பிரீதரிலிருந்து வரும் ஆயில் ஆவி மட்டும் நாள் முழுக்க அதன்மேல் போய்க்கொண்டே இருக்கும்.

எங்களிடம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்ப்பவர், வீட்டிலிருந்து ஆபீஸ் பக்கம்தான். இன்ஜின் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம், சூடான பிறகு சரியாகிவிடும். "ரெண்டு மூணு பாட்டில் ஊத்திட்டேன் அண்ணே, கேக்கவே மாட்டேங்குது" என்றார். ஸ்கேனரில் பி0300, அதாவது எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர், கலவை சரியாக எரியாமல் போவது. பிளக், காயில் எல்லாம் மாற்றிப் போட்டுப் பார்த்தும் கோட் திரும்பி வந்தது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி போரோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டு அவரையே பார்க்கச் சொன்னோம். வால்வின் தண்டு தெரியவில்லை. தோசைக்கல் விளிம்பில் வருஷக்கணக்காக ஏறிய எண்ணெய்க் கறை போல, தண்டைச் சுற்றிக் கருப்பாக, மேடும் பள்ளமுமாக. விரல் நகத்தால் கீறினால் மேலே பிசுக்கு, உள்ளே கல். காற்று போகும் வழியே குறுகியிருந்தது. குளிர்ந்த இன்ஜினில் கலவை சரியாக அமையாமல் நடுங்கியதற்கு அதுதான் காரணம். அவர் ஊற்றிய மருந்து இன்ஜெக்டரைச் சுத்தம் செய்திருக்கும், அதில் சந்தேகமில்லை. அந்த வால்வைப் பார்த்தேயிருக்காது.

இதை எடுக்க வழி கையால் சுத்தம் செய்வதுதான். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது ஒரு முறை. கரைப்பானில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்ப்பது இன்னொன்று. எதைச் செய்தாலும் அந்த சிலிண்டரின் வால்வுகள் முழுக்க மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் தூளும் கார்பன் துண்டும் சிலிண்டருக்குள் விழுந்து அதன் உள்சுவரைக் கீறிவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிரான்க்கைச் சுற்றி வால்வு மூடியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு செய்கிற ஆளிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். டொயோட்டாவின் டி-4எஸ் போன்ற சில இன்ஜின்களில் போர்ட்டிலும் சிலிண்டரிலும் இரண்டு இன்ஜெக்டர் இருக்கும். அவற்றில் போர்ட் இன்ஜெக்டர் வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் கிளீனரே ஊற்ற வேண்டாமா என்றால், ஊற்றலாம். அந்த இன்ஜெக்டர் நுனி எரியும் அறைக்குள்ளேயே இருப்பதால் அதற்கும் அழுக்கு ஏறும். வால்வுக்கு மருந்து வேறு: இன்ஜின் ஆயிலைத் தள்ளிப்போடாமல் மாற்றுவது, கம்பெனி சொன்ன கிரேடையே போடுவது, வாரத்தில் ஒரு நாளாவது நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடாக ஓட்டுவது.

சூடு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று, இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இது என்னை மிகவும் வருத்துகிற விஷயம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், சில சமயம் வராமலே ஓடும். இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை விடும். கார்பனும் ஏறும், மைலேஜும் போகும். அப்புறம் அதற்கு ஒரு பாட்டில் வாங்குவார்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்கும் இதே கணக்குதான். டேங்கில் ஊற்றும் டீசல் கிளீனர் இன்ஜெக்டருக்கு உதவும். எரிந்த புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடும் ஈஜிஆர் வால்விலும் இன்டேக் மேனிஃபோல்டிலும் தார் போல அடைத்திருப்பது, எக்ஸாஸ்டிலிருந்து திரும்பி வரும் புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்தது. அங்கே டீசல் போவதில்லை. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்) விளக்கு எரிந்தால், முதலில் கம்பெனிப் புத்தகத்தில் சொல்லியிருக்கும்படி சீரான வேகத்தில் விடாமல் ஓட்டி, உள்ளே சேர்ந்த கரி எரிய வாய்ப்புக் கொடுங்கள். புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா திரவமான ஆட்புளூவை மட்டும் தவறியும் டீசல் டேங்கில் ஊற்றிவிடாதீர்கள். பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பைக்குக்கு வருவோம். பிஎஸ்6 வந்தபின் நம் பைக்குகளில் அநேகமாக எல்லாமே இன்ஜெக்டர் வண்டிகளாகிவிட்டன. கார்புரேட்டர் காலத்து வைத்தியங்கள் மட்டும் போகவில்லை. பூச்சி உருண்டையைப் பொடித்து டேங்கில் போடுவதும், நாலு ஸ்ட்ரோக் வண்டியில், டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான டூ-டி ஆயிலைக் கலப்பதும் இன்றும் நடக்கின்றன. பூச்சி உருண்டை நாஃப்தலீன். பெட்ரோல் ஆவியானதும் அது திரும்பவும் படிகமாகும், பைக் இன்ஜெக்டரின் துளை அதைத் தாங்காது. டூ-டி ஆயில் எரிந்தால் கார்பன்தான் கூடும். எதை நீக்க நினைக்கிறோமோ அதையே காசு கொடுத்து ஏற்றுகிற வேலை.

கார் பாட்டிலை அப்படியே பைக்கில் கவிழ்ப்பதும் தப்பு. 300 மில்லி பாட்டில் 60 லிட்டருக்கு என்று போட்டிருந்தால், லிட்டருக்கு 5 மில்லி. 10 லிட்டர் டேங்கிற்கு 50 மில்லி போதும். மருந்துக்கடை சிரிஞ்ச் ஒன்று வாங்கி அளந்து ஊற்றுங்கள். மருந்தை முதலில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும். கொஞ்சம் மருந்து ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்க வாய்ப்புண்டு. அதனால் ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் ஊற்றுவதே நல்லது. ரொம்ப நாள் நின்ற பழைய வண்டியில், டேங்கின் அடியில் துருவும் பிசுக்கும் இருக்கும். அதில் ஊற்றினால் எல்லாம் பெயர்ந்து வந்து ஃபில்டரை அடைக்கும். முதலில் டேங்கைப் பாருங்கள்.

சமீபமாக அதிகம் கேட்கும் புகார், "மைலேஜ் திடீர்னு குறைஞ்சிடுச்சு, கார்பனா இருக்குமோ?" என்பது. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இப்போது பரவலாகிவிட்டது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஈ20இல் சுமார் 6 முதல் 7 சதவீதம் குறைவு என்று கணக்கு வருகிறது. இந்தக் குறையை எந்த கிளீனரும் ஈடுகட்டாது. டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதை எல்லாம் பார்த்துவிட்டு கார்பனுக்கு வாருங்கள். ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டால் கார்பன் போய்விடும் என்பதும் சரியில்லை. ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவதைத் தாங்கும் திறன். பிரீமியம் பெட்ரோல் சுத்தம் செய்கிறது என்றால் அதில் சேர்த்திருக்கும் மருந்துதான் செய்கிறது.

கடைசியாக, சர்வீஸ் பில்லில் வரும் டீகார்பனைசிங், அதாவது இன்ஜினில் ஏறிய கார்பனை எடுக்கும் வேலை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய புது வண்டிக்குக்கூட இதை எழுதிவிடுகிறார்கள். அந்த வயதில் எடுக்க வேண்டிய அளவுக்குக் கார்பன் இருக்காது. யாராவது செய்ய வேண்டும் என்று சொன்னால், என்ன அறிகுறி வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை வழக்கத்தைவிட எவ்வளவு கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்ற கணக்கு) எவ்வளவு காட்டுகிறது, எந்த சிலிண்டரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறுகிறது, இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை. ட்ரிம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டியே காட்டினால் இன்ஜெக்டர் அடைப்பும் இருக்கலாம், எங்காவது காற்றுக் கசிவும் இருக்கலாம். கசிவு இல்லை என்று பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் அதே எண்களைத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வால்வு சுத்தம் செய்தார்கள் என்றால் முன்பு எடுத்த போட்டோவும் பின்பு எடுத்த போட்டோவும் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.